ஒரு ஜிக் மெட்டின் வம்சாவளி

டப்ளின் நகரத்து மதுக்கடை ஒன்றின் மூலையிலோ, அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றிலோ, கடல் கடந்து பாஸ்டனிலோ சிட்னியிலோ, ஐரிஷ் சங்கீதத்தில் பற்றுடைய நாலைந்து பேர் பிடிலும் புல்லாங்குழலும் அக்கார்டியனுமாகக் கூடி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினால், பொழுது முடிவதற்குள் 'மாரிசன்ஸ் ஜிக்' என்னும் மெட்டு பெரும்பாலும் ஒரு தடவையாவது எழக் கேட்கலாம். புதிதாகப் பிடில் பழகும் சிறுவனுக்கும் அது பாடம். ஐம்பது வருஷம் வாசித்துப் பழுத்த கைக்கும் அது அலுப்பதில்லை. பெயரைக் கேட்பவர்கள், மாரிசன் என்ற ஒருவர் இதை இயற்றினார் போலும் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. அந்த எண்ணம் பிழை என்பதையும், அதைத் திருத்தப் புகுகிறவன் இசைத்தட்டுகள், பழம்புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றின் வழியே எத்தனை தூரம் நடக்க நேரிடுகிறது என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜிக் என்பது நடனத்துக்கென்று பிறந்த மெட்டு வகை. அதன் தாளத்தைச் சொன்னால் நம்மவர்களுக்கு உடனே விளங்கிவிடும்: 'தகிட தகிட' என்று மும்மூன்றாக ஓடும் திஸ்ர நடையே அதன் உயிர். அப்படிப்பட்ட இரண்டு தகிட சேர்ந்தால் ஓர் அளவை. எட்டு அளவை சேர்ந்தால் ஒரு பகுதி. முதற் பகுதியை இருமுறையும், அதே நீளமுள்ள இரண்டாம் பகுதியை இருமுறையும் வாசித்தால் மெட்டு ஒரு சுற்று முடிகிறது. ஆடுவதற்கேற்ற வேகத்தில் வாசித்தால் அதற்கு ஏறத்தாழ அரை நிமிஷம் பிடிக்கும். அவ்வளவு சிறிய உருவம். மாரிசன்ஸ் ஜிக் ஆதார ஸ்வரத்தில் ஒரு தகிட முழுவதும் நின்று, பஞ்சமத்துக்குத் தாவி அங்கும் ஒரு தகிட நின்று, பிறகு தன் ஓட்டத்தைத் தொடங்குகிறது. அதில் வரும் ஸ்வரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களே நிற்கும். ராகமென்று சொல்வதற்கில்லை, ஆயினும் கால்களைத் துள்ளச் செய்யும் அந்த மெட்டுக்குள் ஒரு மெல்லிய ஏக்கம் கலந்திருப்பதை நம் காது எளிதில் இனங்கண்டுகொள்கிறது.

இனி, மாரிசன் என்பவர் யார் என்று பார்ப்போம். ஜேம்ஸ் மாரிசன் 1893ஆம் வருஷம் அயர்லாந்தின் வடமேற்கிலுள்ள ஸ்லைகோ ஜில்லாவில், ரிவர்ஸ்டவுனுக்கு அருகே டிரம்ஃபின் என்ற ஊரில் பிறந்தவர். 1915இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார்; சில வருஷங்களில் நியூயார்க்கில் குடியமர்ந்தார். பிடில் வாசிப்பில் இருந்த தேர்ச்சியாலும், பலருக்குக் கற்றுக்கொடுத்த சிறப்பாலும், சக வித்துவான்கள் அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்தார்கள். 1921 முதல் 1936 வரை அவர் வாசித்த இசைத்தட்டுகள் வெளிவந்தன. நாம் பேசும் மெட்டு 1936இல் தட்டில் ஏறியது. ஆனால் அந்தத் தட்டில் மெட்டுக்குத் தரப்பட்டுள்ள பெயர் 'மாரிசன்ஸ் ஜிக்' அன்று. 'மாரிஸ் கார்மோடியின் அபிமான மெட்டு' என்பதே. மாரிசனுடைய வாத்தியக் கோஷ்டியில் கெர்ரி ஜில்லாவைச் சேர்ந்த டாம் கார்மோடி என்பவர் அக்கார்டியன் வாசித்துவந்தார். மாரிசன் இந்த மெட்டைப் பெற்றது அவரிடமிருந்து. டாம் அதைப் பெற்றது தம் தகப்பனாரான மாரிஸ் கார்மோடியிடமிருந்து. கார்மோடி குடும்பத்தில் அதற்கு வேறொரு பெயர் வழங்கிவந்தது: 'கணப்படுப்பின் குறுக்கே கிடக்கும் கோல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆக, அரை நிமிஷ மெட்டு ஒன்றுக்கு மூன்று பெயர்கள். தென்மேற்குக் கோடியிலுள்ள கெர்ரியின் கணப்படுப்பருகே கேட்ட மெட்டு, வடமேற்கு ஸ்லைகோவில் பிறந்தவர் ஒருவருடைய வில்லின் வழியாக, நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மெழுகில் பதிந்து, பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்த நிகழ்ச்சியின் முழுப் பொருளையும் உணர வேண்டுமானால் அந்நாளைய இசைத்தட்டு வியாபாரத்தைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க், பாஸ்டன், சிக்காகோ முதலிய நகரங்களில் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் குடியேறியிருந்தும், அவர்கள் ஊரில் கேட்ட நடன மெட்டுகளைத் தட்டில் பதித்துத் தரக் கம்பெனிகள் பெரிதாக முன்வரவில்லை. நியூயார்க்கில் கடை நடத்திவந்த எல்லன் ஓபெர்ன் டிவிட் என்ற ஐரிஷ் மாது, வாடிக்கைக்காரர்கள் தங்கள் நாட்டுச் சங்கீதம் வேண்டுமென்று நாள்தோறும் வந்து கேட்பதைக் கண்டு, கொலம்பியா கம்பெனியாரை அணுகி, தட்டு பதித்தால் ஐந்நூறு பிரதிகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக உறுதி கூறினார். அதன்படி 1916இல் ஹெர்போர்ன், வீலர் என்ற இருவர் அக்கார்டியனும் பாஞ்சோவுமாக வாசித்த தட்டு வெளிவந்தது. அது விற்ற வேகத்தைக் கண்ட கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐரிஷ் வித்துவான்களைத் தேடத் தொடங்கின. மாரிசனும், அவருடைய ஜில்லாவிலேயே கில்லாவில் என்ற ஊருக்கருகே 1891இல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மைக்கேல் கோல்மனும் புகழின் உச்சிக்கு ஏறியது இவ்வாறுதான்.

நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்றுச் சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷ வாசிப்பே அடங்கும். ஒரு ஜிக் அரை நிமிஷத்தில் முடிந்துவிடுவதால், இரண்டு மூன்று மெட்டுகளைக் கோத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை வாசித்து அந்தப் பக்கத்தை நிரப்பினார்கள். தட்டுகள் பொட்டலங்களாக அயர்லாந்துக்குப் போயின. ஊர் வித்துவான்கள் கிராமபோன் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஊசியை எடுத்து எடுத்து வைத்து, கடல் கடந்து போன தங்கள் சகோதரர்களின் வாசிப்பை வரிக்கு வரி பாடம் செய்தார்கள். இதனால் விளைந்த நன்மை பெரிது. மறைந்துபோகும் நிலையில் இருந்த மெட்டுகள் உயிர் பிழைத்தன, வாசிப்புக்கு ஒரு புதிய மதிப்பும் உண்டாயிற்று. விளைந்த நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனியாக இருந்துவந்த வாசிப்பு முறைகள் பல, நியூயார்க்கிலிருந்து வந்த ஸ்லைகோ பாணியின் புகழுக்கு முன் நாணி ஒதுங்கின. ஒருவர் ஒரு மாலையில் வாசித்த பாடாந்தரம், தட்டில் பதிந்த காரணத்தாலேயே அந்த மெட்டின் நிலையான உருவமாக மதிக்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவரின் பெயர் மறைந்து, தட்டில் வாசித்தவரின் பெயரே மெட்டின் பெயராக நிலைத்தது. 'மாரிசன்ஸ் ஜிக்' என்ற பெயர் வந்த வரலாறு இதுதான்.

தட்டுகளுக்கு முந்திய காலத்துக்குப் போக விரும்புகிறவன் முதலில் கையில் எடுக்கும் புத்தகம் சிக்காகோவில் பிறந்தது. கார்க் ஜில்லாவில் பான்ட்ரி நகருக்கு அருகே 1848இல் பிறந்த பிரான்சிஸ் ஓநீல், பதின்பருவத்திலேயே வீட்டை விட்டுக் கப்பலேறி, உலகைச் சுற்றி, கப்பல் உடைந்து உயிர் தப்பி, கடைசியில் சிக்காகோவில் போலீஸ் உத்தியோகத்தில் அமர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்நகரத்துப் போலீஸ் இலாகாவுக்கே தலைவராக விளங்கியவர். தாயார் வீட்டில் கேட்ட மெட்டுகள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆனால் அவற்றை ஸ்வரப்படுத்தி எழுத அவருக்கு வராது. அதே இலாகாவில் ஜேம்ஸ் ஓநீல் என்ற பிடில்காரர் ஒருவர் இருந்தார். குலப்பெயர் ஒன்றாயினும் உறவினரல்லர். தலைவர் ஓநீல் வாசித்தும் முணுமுணுத்தும் காட்டுவதையும், ஊரிலுள்ள மற்ற வித்துவான்கள் வாசிப்பதையும் அவர் காதால் கேட்டு எழுதினார். இவ்வாறு திரண்ட 1850 மெட்டுகள் 1903இல் 'ஓநீலின் அயர்லாந்து சங்கீதம்' என்று வெளிவந்தன. நடன மெட்டுகள் மட்டும் அடங்கிய 'அயர்லாந்தின் நடன இசை' என்ற நூல் 1907இல் வந்தது. அதில் 1001 மெட்டுகள். ஐரிஷ் வாத்தியக்காரர்கள் இந்த இரண்டாவது நூலை வெறுமனே 'அந்தப் புத்தகம்' என்று சொல்லும் அளவுக்கு அது அவர்களுடைய வீடுகளில் இடம்பெற்றுவிட்டது.

இந்தப் புத்தகத்தில் 'மாரிசன்ஸ் ஜிக்' என்ற பெயரைத் தேடிப் பயனில்லை. அது அச்சேறியபோது மாரிசன் பதினான்கு வயதுப் பிள்ளை. தேடுகிறவனுக்கு இங்கேதான் முதற் பாடம் கிடைக்கிறது: பெயரை நம்பிப் போகக் கூடாது. இதற்கு மற்றொரு ஜிக்கை உதாரணமாகக் காட்டுவேன். 1975இல் 'பாத்தி பேண்ட்' என்ற புகழ்பெற்ற கோஷ்டி தன் முதல் இசைத்தட்டை 'கெஷ் ஜிக்' என்ற மெட்டுடன் தொடங்கியது. மாட் மல்லாயின் புல்லாங்குழலும், பாடி கீனனின் துருத்திக் குழலும், டாமி பீப்பிள்ஸின் பிடிலும் ஒரே மூச்சாகப் பாய்ந்த அந்த வாசிப்பைக் கேட்டு, ஐரிஷ் சங்கீதத்தின்பால் ஈர்க்கப்பட்ட இளைஞர் பலர். கெஷ் என்பது ஸ்லைகோ ஜில்லாவில், குகைகளுக்குப் பேர்போன கெஷ்கோரன் குன்றின் அடிவாரத்திலுள்ள ஊர். ஆகவே மெட்டு ஸ்லைகோவுக்கே உரியது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் ஓநீலின் 1907ஆம் வருஷப் புத்தகத்தைப் புரட்டினால் அதே மெட்டு 'கின்கோரா ஜிக்' என்ற பெயருடன் நிற்கிறது. கின்கோரா என்பது கிளேர் ஜில்லாவில், கில்லலூ என்னுமிடத்தில், பண்டைய அரசன் பிரையன் போரு மாளிகை அமைத்து வாழ்ந்த ஸ்தலம். இந்த இரண்டு ஊர்களில் எதில் மெட்டு பிறந்தது என்று கேட்டால், எதிலும் பிறந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதே சரியான விடை. வாத்தியக்காரன் ஒரு மெட்டைப் பெயரில்லாமல் கற்பான்; கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருக்கும்; ஊரோ, குதிரையோ, அண்டை வீட்டுக்காரரோ, அந்தக் கணத்தில் மனத்தில் நின்றது எதுவோ, அதுவே பெயராகிவிடும். ஓநீலும் பெயரற்ற மெட்டுகளுக்கு, அவற்றைத் தமக்குக் கொடுத்தவர்களின் பெயரைச் சூட்டியதுண்டு.

அச்சிட்ட வருஷத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. 1907இல் ஒரு மெட்டு அச்சானதென்றால், அந்த வருஷத்துக்குள் அது பிறந்துவிட்டது என்பது மட்டுமே நிச்சயம். அதற்கு முன் பத்து வருஷமா, நூற்றைம்பது வருஷமா என்பதைப் புத்தகம் சொல்லாது. அதனால் ஆராய்ச்சியாளர் இன்னும் கீழே இறங்க வேண்டும். அங்கே டிங்கில் தீபகற்பத்தில் 1828இல் பிறந்த ஜேம்ஸ் குட்மன் என்ற பாதிரியாரின் கையெழுத்துப் பிரதிகள் காத்திருக்கின்றன. ஐரிஷ் மொழியில் புலமையும் துருத்திக் குழல் வாசிப்பில் பழக்கமும் கொண்ட அவர், 1860களில், மன்ஸ்டர் பிரதேசத்துக் குழல்காரர்கள், அவர்களுள்ளும் சிறப்பாக டாம் கென்னடி என்பவர், வாசிக்கக் கேட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதி வைத்தார். அந்தப் பிரதிகள் டப்ளின் டிரினிடி கல்லூரியில் பாதுகாக்கப்பட்டு, நூறு வருஷங்களுக்கும் மேல் அச்சுக் காணாமல் இருந்தன. அவற்றின் முதற் பகுதி புத்தகமாக வந்தது 1998இல்தான். ஓவியராகவும் புராதன ஆராய்ச்சியாளராகவும் விளங்கிய ஜார்ஜ் பெட்ரி (1790–1866) தம் வாழ்நாள் முழுவதும் மெட்டுகளைத் திரட்டி, 1855இல் ஒரு தொகுதி வெளியிட்டார்; அவர் விட்டுச்சென்ற பிரதிகளிலிருந்து 1582 மெட்டுகளை சார்லஸ் ஸ்டான்ஃபோர்டு 1902 முதல் 1905 வரை பதிப்பித்தார். பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய பி. டபிள்யூ. ஜாய்ஸ், தம் சொந்த ஜில்லாவான லிமரிக்கில் இளமையில் கேட்டவற்றை நினைவிலிருந்து எழுதியதோடு பிறர் திரட்டியவற்றையும் சேர்த்து, 1909இல் 842 மெட்டுகள் கொண்ட நூலைத் தந்தார்.

இவர்கள் இவ்வளவு அவசரத்தோடு எழுதியதற்குக் காரணம் இருந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயினால் விளைந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டை விட்டுக் கப்பலேறினர். மாண்டவர்களிலும் போனவர்களிலும் பெரும்பாலோர், மெட்டுகளை மனத்தில் மட்டுமே வைத்திருந்த ஏழைக் குடியானவர்கள். முன்பு பாட்டொலி நிறைந்திருந்த கிராமப்புறத்தில் பஞ்சத்துக்குப் பின் கவிந்த மௌனத்தைப் பற்றி பெட்ரி தம் நூலின் முகவுரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஒரு ஜிக்கின் பூர்வோத்தரத்தைத் தேடிச் செல்கிறவன் 1840களை நெருங்கும்போது சங்கிலி பல இடங்களில் அறுந்து கிடப்பதைக் காண்பான். அந்த அறுப்பு ஏட்டுக் குறையால் மட்டும் நேர்ந்ததன்று, உயிர்ச்சேதத்தால் நேர்ந்தது.

அதற்கும் முந்திய நூற்றாண்டில் கால் வைத்தால் காட்சி மாறுகிறது. அங்கே தேடுகிறவனுக்குத் துணை வருபவை லண்டன் நாடக மேடையும் நடனப் புத்தகங்களும். உலகத்தில் ஐரிஷ் ஜிக் என்றவுடன் பாமரர் காதிலும் ஒலிக்கும் 'ஐரிஷ் வண்ணாத்தி' என்ற மெட்டை எடுத்துக்கொள்வோம். அது 1791இல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் நடந்த 'கலே நகரத்தின் சரணாகதி' என்ற நாடகத்தில், கார்ப்பரல் கேசி என்ற பாத்திரத்தின் பாட்டுக்கு மெட்டாக அமைந்து பிரசித்தி பெற்றது. இன்னும் நூறு வருஷம் பின்னே சென்றால், இங்கிலாந்தின் ப்ளேஃபோர்டு நடனப் புத்தகங்களில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பதிப்புகளில் காணும் 'நாட்டுப்புறக் காதல்' என்ற மெட்டில் இதன் சாயல் தெளிவாகத் தெரிகிறது. 1651இல் வெளிவந்த முதற் பதிப்பிலுள்ள 'டார்கேசன்' என்ற மெட்டும் இதற்குத் தூரத்து உறவு என்று கூறுவோர் உண்டு. அப்படியானால், ஐரிஷ் ஜிக்குகளுக்கெல்லாம் பிரதிநிதியாக உலகம் கொண்டாடும் மெட்டு இங்கிலீஷ் மெட்டா என்ற கேள்வி எழுகிறது. ஆங்கிலேயனுக்கு இதனால் பெருமையும் ஐரிஷ்காரனுக்குச் சிறுமையும் உண்டாவதாக நான் கருதவில்லை. விதை எங்கிருந்து வந்ததாயினும், நூறு வருஷம் ஒரு மண்ணில் வேரோடி, அந்த மண்ணின் கைகளால் வளைக்கப்பட்டு, அந்த மக்களின் கால்களால் ஆடப்பட்ட மெட்டு அந்த மண்ணுக்கே உரியதாகிவிடுகிறது.

அச்சும், அதனுடன் கப்பலும் படை வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து, ஐரிஷ் மெட்டுகளை எத்தனை தூரம் கொண்டு சென்றன என்பது வியப்புக்குரியது. லிமரிக் நகரத்தின் புறச்சேரி ஒன்றின் பெயரைத் தாங்கிய 'கேரியோவன்' என்ற ஜிக், எடின்பரோ பதிப்பாளரான ஜார்ஜ் தாம்சன் அனுப்பிய கட்டில் வியன்னாவுக்குப் போய், பீதோவனின் கையால் வாத்தியப் பின்னணி பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில், ஜிக் வகையைச் சேராத இரட்டைத் தாள நடன மெட்டொன்று, கார்க் ஜில்லாவின் மாலோ நகரத்து உல்லாச வாலிபர்களின் பெயரால் வழங்குவது, வெள்ளைக்காரரின் வாத்தியங்களோடு சென்னப்பட்டணக் கரையில் இறங்கியது. அதற்கு முத்துஸ்வாமி தீக்ஷிதர் 'வந்தே மீனாக்ஷி' என்று சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வர சாகித்தியங்களைக் கற்ற நம் வீட்டுக் குழந்தைகள் அறியாமலே ஓர் ஐரிஷ் மெட்டைப் பாடிவந்திருக்கிறார்கள். பீதோவனோ தீக்ஷிதரோ அயர்லாந்தைக் கண்ணால் கண்டவர்களல்லர்.

இவ்வாறு பெயர் மாறியும் ஊர் மாறியும் திரியும் ஆயிரக்கணக்கான மெட்டுகளில் ஒன்றை அடையாளம் கண்டுபிடிப்பதற்கு வழி என்ன? இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் பிரெண்டன் பிரனாக் (1912–1985). சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே துருத்திக் குழல் வாசித்தும் மெட்டுகளைத் திரட்டியும் வந்த இவர், பெயரை விட்டுவிட்டு மெட்டின் முகத்தையே அடையாளமாகக் கொண்டார். முறையின் சாரம் இதுதான்: மெட்டின் முதல் சில அளவைகளில் அடி விழும் ஸ்வரங்களை மட்டும் எடுத்து, ஆதார ஸ்வரத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண்ணிட்டு, ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி, எண் வரிசையில் அடுக்கிவைப்பது. மாரிசன்ஸ் ஜிக்கின் தொடக்கத்தை இப்படி எழுதினால் ஒன்று, ஐந்து, ஒன்று, நான்கு என்று வரும். நம் பாஷையில் சொன்னால் ச, ப, ச, ம. மெட்டு கெர்ரியில் ஒரு பெயரோடும் நியூயார்க்கில் வேறு பெயரோடும் திரிந்தாலும், அலங்கார ஸ்வரங்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும், அடி விழும் இடத்து ஸ்வரங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே சிதறிக் கிடந்த உறவினர்கள் ஒரே இடத்தில் வந்து கூடிவிடுகிறார்கள். 1963இல் தொடங்கி அவர் வெளியிட்ட 'அயர்லாந்தின் நடன சங்கீதம்' என்ற ஐரிஷ் மொழித் தொகுதிகளில், ஒவ்வொரு மெட்டும் யார் வாசிக்கக் கேட்டது, வேறெங்கெல்லாம் என்னென்ன பெயரில் காணப்படுகிறது என்ற குறிப்புகள் பொறுமையோடு எழுதப்பட்டிருக்கின்றன. கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் சங்கீதப் பேராசிரியராக இருந்த அலாய்ஸ் ஃபிளைஷ்மன், 1600 முதல் 1855 வரையுள்ள மூலங்களைத் துருவி, ஏழாயிரத்தை நெருங்கும் மெட்டுகளை ஒருங்கு சேர்த்தார். அவர் 1992இல் காலமானார். இரண்டு பெரிய தொகுதிகளாக அந்த நூல் வெளிவந்தது 1998இல். 1987இல் டப்ளினில் நிறுவப்பட்ட ஐரிஷ் பாரம்பரிய இசைக் காப்பகம், தட்டு, நாடா, புத்தகம், கையெழுத்துப் பிரதி அனைத்தையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து, கேட்டு வருகிற எவருக்கும் கதவைத் திறந்துவைத்திருக்கிறது.

தட்டு, புத்தகம் என்ற இரண்டு சாட்சிகளில் எதை நம்புவது என்று சிலர் கேட்பார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும். புத்தகம் மெட்டின் எலும்புக் கூட்டைக் காட்டும். வில் எந்த இடத்தில் அழுந்தியது, எந்த ஸ்வரத்தின்மேல் விரல் சுண்டியது, எங்கே தாளம் இம்மியளவு தயங்கியது என்பதைப் புத்தகம் காட்டாது. தட்டு அவற்றையெல்லாம் காட்டும். ஆனால் ஒரே ஒருவர், ஒரே ஒரு நாளில், மூன்று நிமிஷ எல்லைக்குள் வாசித்ததை மட்டுமே காட்டும். ஓநீலின் சிக்காகோ நண்பர்கள் நூறு வருஷங்களுக்கு முன் மெழுகு உருளைகளில் வாசித்த பதிவுகள் சில, மைக்கேல் டன் என்ற மில்வாக்கித் தீயணைப்புப் படை அதிகாரியின் சேகரத்திலிருந்து இந்த நூற்றாண்டில் வெளிவந்தபோது, புத்தகத்தில் சாதுவாகக் கிடந்த மெட்டுகளை அதே காலத்து மனிதர்களின் கைகளில் கேட்க முடிந்தது. இரைச்சலுக்கு நடுவே எழும் அந்த ஒலியைக் கேட்ட பிறகு புத்தகத்தைத் திறந்தால், அதன் பக்கங்களே வேறாகத் தெரிகின்றன. நம் சங்கீத உலகில் ஒரே கிருதிக்கு இரண்டு பாடாந்தரம் இருப்பதை நாம் குறையாகக் கருதுவதில்லை. ஒவ்வொன்றையும் அதைப் போற்றிய சிஷ்ய பரம்பரையின் சொத்தாக மதிக்கிறோம். ஜிக்கின் கதையும் அதுவே. எந்த உருவம் மூல உருவம் என்ற வழக்குக்குத் தீர்ப்பு கிடைப்பது அரிது. எந்த உருவம் யார் கையில் இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி கிடைக்கும்.

அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு நாம் தொடங்கிய மெட்டுக்குத் திரும்புவோம். மாரிசன்ஸ் ஜிக்குக்கு ஏன் மூன்று பெயர் என்ற கேள்விக்கு இப்போது விடை தெளிவாகிறது. உலகத்துக்கு அந்த மெட்டைக் கொடுத்தவர் மாரிசன். ஆகவே உலகம் அவர் பெயரால் அதை அழைக்கிறது. மாரிசனுக்கு அது வந்தது கார்மோடி குடும்பத்திலிருந்து. ஆகவே அவர் அந்தக் குடும்பத்து மூத்தவரின் பெயரால் அதை அழைத்தார். மாரிஸ் கார்மோடியின் வீட்டிலோ அதற்குக் கணப்படுப்பின் பெயர். இந்த மூன்றில் எதுவும் இயற்றியவரின் பெயரன்று; முதலிரண்டும் கொடுத்தவரின் பெயர். ஐரிஷ் வாத்தியக்காரர்கள் ஒரு மெட்டை வாசித்து முடித்தவுடன், இதை இன்னாரிடம் பெற்றேன் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. அது வெறும் சம்பிரதாயமன்று, சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் கை. தட்டுகளையும் புத்தகங்களையும் துருவும் ஆராய்ச்சியின் பயனும் இதுவே என்று நான் கருதுகிறேன்: உரிமை கொண்டாடுவதற்கல்ல, நன்றி யாருக்குச் சேர வேண்டும் என்று கண்டறிவதற்கே அது வேண்டும். மாரிசன் இந்தக் கடமையை மறந்தவரல்லர். தம் பெயரையே மெட்டுக்கு இட்டுக்கொள்ள அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை. ஆயினும் 1936ஆம் வருஷத்துத் தட்டில் மெட்டின் பெயராக அவர் பொறிக்கச் செய்தது மாரிஸ் கார்மோடியின் பெயர்.